நம்ம வாசல் குப்பை, கம்பெனிக் கணக்கில் எந்தப் பிரிவில் போய் விழுது?

(உழவர்கரை நகராட்சிப் பகுதி குடியிருப்போருக்கான சேவை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரெட்டியார்பாளையமோ லாஸ்பேட்டையோ மூலக்குளமோ, எந்தத் தெருவா இருந்தாலும் காலையில் குப்பை வண்டி வரும்போது நாம் பார்க்கிறது இரண்டே விஷயம். வண்டி நேரத்துக்கு வந்ததா, வாளியைக் காலி செய்து கொடுத்தாங்களா. வண்டி தெரு முனை திரும்பியதும் நாம் அதை மறந்துடுறோம். ஆனா டீக்கடையில் உட்கார்ந்தா ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எல்லாத்தையும் தனியாருக்குக் கொடுத்தாச்சே, இதுல அவங்களுக்கு என்ன கிடைக்குது?" ஒருத்தர் கொள்ளை லாபம்னு சொல்வார். இன்னொருத்தர், நகராட்சி பணமே தர மாட்டேங்குது, அவங்க நஷ்டத்துல ஓடுறாங்கன்னு சொல்வார். இரண்டு பேரும் ஊகத்தில் பேசுறாங்க. பெரிய கம்பெனிகள் விஷயத்தில் ஊகிக்கத் தேவையே இல்லை. பதில் அச்சில் இருக்கு, நீங்க கையில் வைத்திருக்கிற போனிலேயே திறந்து பார்க்கலாம். எந்தப் பக்கத்தைத் திறக்கணும், அதில் எதை நம்பணும், எது அதில் இருக்கவே இருக்காது என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'குப்பைக் கம்பெனி' என்று ஒரே வார்த்தையில் சொல்றோம். உண்மையில் அது நாலைந்து தொழில். வீட்டு வாசலில் வாங்குவது ஒரு தொழில். அதுக்கு ஆள் வேணும், சின்ன வண்டி வேணும். பெரிய லாரியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டு போவது இன்னொன்று. அங்கே டீசல்தான் செலவு. தெருக் கூட்டுவது தனி. கிடங்கில் பிரிப்பது, உரமாக்குவது, எரிவாயு எடுப்பது தனி. அதுக்கு இயந்திரமும் முதலீடும் வேணும். பல வருஷமா மலையாகக் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிற பயோமைனிங் இன்னும் ஒன்று. நம்ம குருமாம்பேட் கிடங்கில் நடந்தது அந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் செலவு வேற, லாபம் வேற, ஆபத்தும் வேற. ஒரே கம்பெனி இவ்வளவையும் செய்தால், மொத்த வரவு இவ்வளவு, மொத்த லாபம் இவ்வளவு என்று ஒரே வரியில் சொன்னால் நமக்கு என்ன புரியும்?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கணக்கு உலகத்தில் 'செக்மென்ட்' என்று ஒரு ஏற்பாடு வந்தது. வணிகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இதுக்கான விதியின் பெயர் இண்ட் ஏ.எஸ். 108. 2016 ஏப்ரலில் தொடங்கிப் பெரிய கம்பெனிகளுக்குப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. உலக அளவில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 8 விதியைத் தழுவியது. அதன் சாரம் ரொம்ப எளிது. கம்பெனியின் தலைமை, உள்ளே உட்கார்ந்து முடிவு எடுக்கும்போது தொழிலை எப்படிப் பிரித்துப் பார்க்குதோ, அதே பிரிவில்தான் வெளியே நமக்கும் காட்டணும். உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு கூடாது. அதோட ஒரு அளவுகோலும் உண்டு. வருவாயிலோ, லாப நஷ்டத்திலோ, சொத்திலோ ஒரு பிரிவு பத்து சதவீதத்தைத் தொட்டால் அதைத் தனியாகக் காட்டியே ஆகணும். அப்படித் தனியாகக் காட்டிய பிரிவுகள் எல்லாம் சேர்ந்து வெளி வருவாயில் குறைந்தது 75 சதவீதமாவது வரணும். மிச்சம் இருப்பது 'மற்றவை'.

ஒரு பேச்சுக்கு ஒரு கம்பெனியை எடுத்துக்குவோம். இது என் கற்பனைக் கணக்கு, யாருடையதும் இல்லை. மொத்த வருவாய் 100 கோடி, மொத்த லாபம் 14 கோடி. பார்த்தா நல்லாத்தான் இருக்கு. இப்போ பிரிச்சுப் பாருங்க. வீடு வீடாகச் சேகரித்ததில் வருவாய் 62 கோடி, லாபம் 3 கோடி. கிடங்கில் பதப்படுத்தியதில் வருவாய் 30 கோடி, லாபம் 12 கோடி. தெருக் கூட்டியதில் வருவாய் 8 கோடி, நஷ்டம் 1 கோடி. இப்போ கதை தலைகீழா மாறிடுச்சு இல்லையா? நம்ம வாசலில் நிற்கிற வண்டியில் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கூட மிஞ்சலை. கிடங்கில் நூறுக்கு நாற்பது மிஞ்சுது. தெருக் கூட்டும் நஷ்டமோ பத்து சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் 'மற்றவை'யில் ஒளிஞ்சுக்கும். இந்தக் கம்பெனி சிக்கனம் பண்ணணும்னு நினைத்தால் எங்கே கை வைக்கும்? வாசலிலும் தெருவிலும்தான். ஒரு ஆளைக் குறைப்பாங்க, ஒரு நடையைக் குறைப்பாங்க. "ஏன் எங்க தெருவுக்கு மட்டும் இரண்டு நாளா வண்டி வரலை" என்கிற கேள்விக்குப் பதில் சில சமயம் இந்த மாதிரி ஒரு அட்டவணையில்தான் இருக்கும்.

சரி, நிஜக் கம்பெனிக்கு வருவோம். உலகில் இந்தத் தொழிலில் பெரிய பெயர்களில் ஒன்று அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட். இப்போ சுருக்கமா டபிள்யூ.எம். என்று சொல்லிக்கிறாங்க. ஹூஸ்டன் நகரத்தில் தலைமையிடம். அவங்க பிரித்துக் காட்டும் விதம் சுவாரசியமானது. சேகரிப்பையும் குப்பை கொட்டும் நிலத்தையும் அவங்க இரண்டு தனிப் பிரிவாகக் காட்டுறதில்லை. ஒண்ணாச் சேர்த்து, அதைத் திசை வாரியாகப் பிரிக்கிறாங்க: கிழக்கு அடுக்கு, மேற்கு அடுக்கு. இதோட மறுசுழற்சி ஒரு தனிப் பிரிவு. கிடங்கில் கிளம்பும் வாயுவிலிருந்து எரிபொருள் எடுக்கும் தொழில் இன்னொரு பிரிவு. 2024 நவம்பரில் ஸ்டெரிசைக்கிள் என்ற மருத்துவக் கழிவுக் கம்பெனியைச் சுமார் 720 கோடி டாலர் மதிப்பில் வாங்கினாங்க. உடனே மருத்துவக் கழிவுக்கு என்று புதுப் பிரிவு முளைத்தது.

சேகரிப்பையும் கிடங்கையும் ஏன் ஒண்ணா வைக்கிறாங்க? காரணம் இருக்கு. அவங்க லாரி ஒரு ஊரில் குப்பை எடுத்து, அவங்களுக்கே சொந்தமான கிடங்கில் கொட்டுது. வெளி ஆள் கொட்டினால் டன்னுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்குவாங்க. சொந்த லாரிக்கும் கணக்குப் புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கட்டணம் எழுதுவாங்க. லாரிப் பக்கத்துக்கு அது செலவு, கிடங்குப் பக்கத்துக்கு அது வருவாய். வலது பையிலிருந்து இடது பைக்கு மாத்தின காசு. அதனால்தான் அறிக்கையில் மொத்த வருவாய் ஒரு பத்தி, உள்ளுக்குள் கொடுத்து வாங்கியது ஒரு பத்தி, கழித்தது போக நிகர வருவாய் ஒரு பத்தி என்று மூன்று பத்தி இருக்கும். இதில் நீங்க கவனிக்க வேண்டியது நடுப்பத்தியை. உள் கட்டணத்தைக் கூட்டி எழுதினால் கிடங்குக்கு லாபம் கூடும், வண்டிக்கு லாபம் குறையும். மொத்தத்தில் ஒரு பைசா மாறாது. "வண்டி ஓட்டி எங்களுக்குக் கட்டுப்படியாகலை, கட்டணத்தை உயர்த்துங்க" என்று ஒரு கம்பெனி ஒரு நகராட்சியிடம் கேட்கும்போது, அந்தக் கிடங்கும் அதே கம்பெனியுடையதா என்று முதலில் கேட்கணும். நம்ம விதியும் இதை விட்டு வைக்கலை: பிரிவுகளுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை எந்த அடிப்படையில் எழுதினோம் என்று கம்பெனி சொல்லியாகணும்.

அறிக்கையில் அச்சாகியிருக்கு என்பதற்காக எல்லாம் வேதம் என்று எடுத்துக்காதீங்க. இதே கம்பெனி 1998-இல், முந்தைய வருஷங்களில் காட்டிய லாபத்தில் சுமார் 170 கோடி டாலர் மிகை என்று ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்தியது. எப்படிக் கூட்டினாங்க தெரியுமா? பெரிய மாயமந்திரம் ஒண்ணும் இல்லை. குப்பை லாரி இத்தனை வருஷம் ஓடும் என்று கணக்கில் ஆயுளை நீட்டி எழுதினாங்க. ஓடித் தேய்ந்த பிறகும் இவ்வளவுக்கு விலை போகும் என்று அதிகமாகப் போட்டாங்க. லாரி தேயும் செலவு குறைஞ்சது, லாபம் உயர்ந்தது. கிடங்கு நிரம்ப நிரம்ப எழுத வேண்டிய செலவையும் எழுதலை. தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2001-இல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. வண்டி எத்தனை வருஷம் ஓடும் என்பது நம்ம ஊர் ஒப்பந்தத்திலும் இருக்கிற கேள்விதான்.

இப்போ நம்ம பக்கம். சென்னையில் 2000-ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் குப்பை வேலை ஓனிக்ஸ் என்ற கம்பெனிக்குப் போனது, உங்களில் பலருக்கு அந்த வண்டிகள் ஞாபகம் இருக்கும். அது பிரெஞ்சுக் குழுமத்தைச் சேர்ந்தது. இன்னைக்கு அந்தக் குழுமத்தின் பெயர் வியோலியா. (பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரியை விட்டுட்டு மெட்ராஸ் குப்பைக்கு வந்தாங்க என்று அப்போ கிண்டல் செய்யத் தோணும்.) இந்த வியோலியா இப்போ தன் கணக்கைப் பெரும்பாலும் நிலப்பரப்பு வாரியாகத்தான் பிரிக்குது: பிரான்ஸ், மற்ற ஐரோப்பா, உலகின் பிற பகுதி என்று. நீர்த் தொழில்நுட்பம் தனி. இந்தியா, 'உலகின் பிற பகுதி' என்ற ஒரே பிரிவுக்குள் அடங்கும். அதில் ஒரு ஊரின் மூன்று மண்டலத்தைத் தேடினால் கிடைக்குமா? கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இதை நான் ஒரு குறையாக மட்டும் சொல்லலை. கம்பெனியின் பிரிவு அட்டவணை பங்குதாரருக்காக எழுதப்பட்டது. பணம் போட்டவருக்கு எந்தத் தொழில் ஓடுது என்று தெரிந்தால் போதும். உழவர்கரை மக்களுக்காக அது எழுதப்படலை. அதனால் எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும், அதன் ஆண்டறிக்கையில் 'உழவர்கரை' என்று ஒரு வரி இருக்காது. அந்த வரி வேற இடத்தில் இருக்கு; அதை எங்கே தேடுவது என்று கடைசியில் சொல்றேன்.

அதுக்கு முன்னால் இந்தியாவில் பங்குச் சந்தையில் இருக்கிற ஒரு குப்பைக் கம்பெனியைப் பார்த்துடுவோம். மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஆண்டனி வேஸ்ட் ஹேண்ட்லிங் செல். 2021 ஜனவரி 1 அன்று சந்தைக்கு வந்தது. மும்பை காஞ்சூர்மார்க் கிடங்கை அதன் துணை நிறுவனம் நடத்துது. முதலீட்டாளர்களுக்குத் தரும் விளக்கங்களில் வருவாயைச் சேகரிப்பு-போக்குவரத்து, பதப்படுத்தல், ஒப்பந்த வேலை என்ற வகையில் பிரித்துக் காட்டுறாங்க. இந்த 'ஒப்பந்த வேலை'யில் ஒரு நுணுக்கம் உண்டு. நகராட்சிக்காக ஒரு ஆலை கட்டி, இத்தனை வருஷம் நடத்தித் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு என்றால், கட்டும் காலத்திலேயே கட்டுமான வேலையை வருவாயாக எழுதணும் என்கிறது கணக்கு விதி. அப்போ ஒரு டன் குப்பை கூட அந்த ஆலைக்குள் போயிருக்காது. ஆகவே "கம்பெனியின் வருவாய் எகிறியது" என்று செய்தி பார்த்தால், அது குப்பை எடுத்ததால் எகிறியதா, கட்டடம் கட்டியதால் எகிறியதா என்று பார்க்கணும்.

பொதுவா நம் நாட்டுக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருக்கு. "எங்கள் தொழில் ஒன்றே ஒன்று, ஆகவே தனிப் பிரிவு எதுவும் இல்லை" என்று இரண்டு வரியில் முடிச்சிடுவாங்க. தலைமை உண்மையிலேயே தொழிலை ஒன்றாகத்தான் பார்க்குது என்றால் விதிப்படி அது சரி. ஆனா அதே விதியில் இன்னொரு பகுதி இருக்கு, அதைப் பலர் பார்ப்பதில்லை. பிரிவு ஒன்றே என்றாலும், எந்தெந்தச் சேவையில் எவ்வளவு வருவாய் என்று கம்பெனி சொல்லணும். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருவாயில் பத்து சதவீதமோ அதுக்கு மேலேயோ வந்தால் அதையும் தொகையோடு சொல்லணும். பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஆனா குப்பைக் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் பெரும்பாலும் மாநகராட்சிதான் என்பதால் ஆளை ஊகிப்பது கஷ்டமில்லை. ஒரே மாநகராட்சியை நம்பி ஒரு கம்பெனி நிற்குது என்றால், அங்கே ஒப்பந்தம் முடியும்போது மற்ற ஊர்களிலும் அதிர்வு இருக்கும்.

எனக்கு ஆண்டறிக்கையில் மிகப் பிடித்த பக்கம் இன்னொன்று. வர வேண்டிய பாக்கிப் பட்டியல். 2021-22 கணக்கு ஆண்டு முதல் கம்பெனிகள் தங்களுக்கு வர வேண்டிய பாக்கியை வயது வாரியாகக் காட்டணும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்று வருஷத்துக்கு மேல். குப்பைக் கம்பெனிக்குப் பாக்கி வைப்பது யார்? நகராட்சிகள். அந்தப் பாக்கி எங்கே போய் உறைக்கும்? கையுறை இல்லாமல் நம்ம வாளியைத் தூக்குகிற அம்மாவின் சம்பளத்தில். ஒரு கம்பெனியின் பாக்கியில் பாதி ஒரு வருஷத்துக்கு மேல் பழசு என்றால், ஏதோ ஒரு ஊரில் மாதக் கடைசியில் வண்டி நிற்கப் போகுது என்று அர்த்தம். ஒப்பந்ததாரர் சம்பளம் தரலைன்னா முதன்மை வேலையளிப்பவர் அதைத் தர வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருப்பது ஒரு பக்கம், அந்த மாதம் வீட்டு வாடகை கட்டுவது இன்னொரு பக்கம். தனியார் ஒழுங்கா வேலை செய்யலைன்னு பேசும்போது, நாம் அவங்களுக்கு ஒழுங்கா பணம் கொடுத்தோமா என்றும் பார்க்கணும். வரி, கட்டணம் எல்லாம் நிலுவையில் வைத்திருக்கிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இதெல்லாம் சரி, என் வாசலுக்கு இதனால் என்ன என்று நீங்க கேட்கலாம். நேரடியா சொல்றேன். கம்பெனிக்கு எந்த அளவில் பணம் தரப்படுது என்பதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ஓனிக்ஸ் காலத்தில் சென்னையில் டன் கணக்கில் பணம். எடை மேடையில் எவ்வளவு காட்டுதோ அவ்வளவு. அந்த முறையில் நீங்க வீட்டிலேயே காய்கறித் தோலை உரமாக்கினால், அட்டையையும் பாட்டிலையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டால், கம்பெனிக்கு எடை குறையும், வருவாய் குறையும். நாம் தரம் பிரிக்கப் பிரிக்க அவங்களுக்கு நஷ்டம். ஈரமான மண்ணும் கட்டட இடிபாடும் சேர்ந்து வந்தால் அவங்களுக்கு லாபம். யாரையும் குற்றம் சொல்லலை, அந்த விலைமுறை அப்படி. இதை உணர்ந்துதான் சென்னை மாநகராட்சி 2020-இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்குப் பல மண்டலங்களைக் கொடுத்தபோது எடைக்குப் பதிலா செயல்பாட்டு அளவுகோல்களுக்குப் பணம் என்று மாற்றியது: எத்தனை வீட்டுக்குப் போனாங்க, எவ்வளவு தரம் பிரித்து வாங்கினாங்க, புகாரை எவ்வளவு சீக்கிரம் முடிச்சாங்க என்று. இந்த முறையிலும் ஓட்டை இருக்கு. யார் அளக்கிறாங்க, எப்படி அளக்கிறாங்க என்பதில் எல்லாம் மாட்டிக்கும். ஆனாலும் டன் கணக்கை விட இது மேல் என்பது என் கருத்து.

போனில் எப்படிப் பார்ப்பது? கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இணையதளங்களில் ஆண்டறிக்கை இலவசம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்படாதீங்க. பி.டி.எஃப். திறந்ததும் தேடல் கட்டத்தில் 'செக்மென்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடிங்க. தலைவர் உரையிலும் படங்களிலும் வருவதைத் தாண்டிப் போங்க. நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் வருவதுதான் நமக்கு வேணும். அந்தக் குறிப்பில் தனி அறிக்கை, ஒருங்கிணைந்த அறிக்கை என்று இரண்டு இருக்கும். ஒருங்கிணைந்ததைப் பாருங்க, துணை நிறுவனங்கள் அதில்தான் சேர்ந்து வரும். கம்பெனி சந்தையில் இல்லைன்னா, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். சின்னக் கம்பெனிகளுக்குப் பிரிவு வாரியாகக் காட்டும் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வைங்க. நம்ம மாதிரி ஊர்களுக்கு வருகிற ஒப்பந்ததாரர் சிலர் அந்த வகையில் இருப்பாங்க, அங்கே தேடினாலும் அட்டவணை கிடைக்காது.

ஆகவே உழவர்கரையின் வரிக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 3 லட்சம் பேர் இருந்த நகராட்சி இது, பக்கத்துப் புதுச்சேரி நகராட்சியை விடப் பெரிசு. நம்ம குப்பைக்கு மாதம் எவ்வளவு பணம் போகுது என்பது நகராட்சியின் கோப்பில் இருக்கு. ஒப்பந்தம், மாதாந்திர பில், எடை மேடைச் சீட்டு, வேலை குறைந்ததற்குப் பிடித்த தொகை, எல்லாம் அங்கேதான். தகவல் உரிமைச் சட்டப்படி ஜவஹர் நகரில் உள்ள நகராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வரணும். கம்பெனியின் வியாபார ரகசியம் என்று சில பக்கங்களை மறுக்க இடம் உண்டு. ஆனா நகராட்சி கொடுத்த பணத்தின் தொகை ரகசியம் என்று சொல்வது சுலபமில்லை.

எழுதும்போது "குப்பை விவரம் தரவும்" என்று பொதுவாக எழுதாதீங்க, பதிலும் பொதுவாகவே வரும். இப்படிக் கேளுங்க: கடந்த 12 மாதத்தில் மாதவாரியாகக் கம்பெனிக்குச் செலுத்திய தொகை என்ன, அதில் சேகரிப்புக்கு, தெருக் கூட்டலுக்கு, பதப்படுத்தலுக்கு எவ்வளவு, பணம் டன் கணக்கிலா, வீட்டுக் கணக்கிலா, குருமாம்பேட் கிடங்கின் எடைச் சீட்டில் அந்த மாதங்களுக்கு மொத்தம் எத்தனை டன், பிடித்தம் செய்த தொகை எவ்வளவு, எந்தக் காரணத்துக்கு, இன்றைய தேதியில் கம்பெனிக்கு நிலுவை எவ்வளவு. கம்பெனி தன் அறிக்கையில் காட்டாத பிரிவு அட்டவணையை, நம்ம ஊருக்கு மட்டும் நாமே போட்டுப் பார்க்க இந்த ஆறு பதில் போதும். நகல் வாங்கக் காசு அதிகமாகும்னு நினைத்தால், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. விண்ணப்பத்திலேயே "எடைச் சீட்டுகளை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துடுங்க. அன்னைக்குப் போகும்போது உங்க தெருவுக்கு வண்டி வராத தேதிகளை ஒரு தாளில் குறிச்சு எடுத்துட்டுப் போங்க.